புகார்க் கணக்கில் வராத நோய்

2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, அது பாதுகாக்கும் 11 தன்மைகளின் பட்டியல் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. வயது, நாட்டுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழித்திறன், உடற்குறை, மனநலம். இவற்றில் ஒன்றைக் காரணமாக வைத்து ஒருவரை வேலைக்கு எடுக்க மறுப்பதும், பதவி உயர்வைத் தடுப்பதும், வேலையைவிட்டு நீக்குவதும் சட்டத்துக்குப் புறம்பாகும். 2027ஆம் ஆண்டின் இறுதிவாக்கில் சட்டத்தை நடப்புக்குக் கொண்டுவர மனிதவள அமைச்சு திட்டமிட்டுள்ளது. உங்களில் பலர் முதல் வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கும் நேரம் அது.

நான் அந்தப் பட்டியலில் தேடியது இல்லை. நீண்டகால நோய்.

எனக்கு 19 வயதில், பலதுறைத் தொழிற்கல்லூரியின் இரண்டாம் ஆண்டில், பெருங்குடல் புண் அழற்சி இருப்பது கண்டறியப்பட்டது. இப்போது வயது 25. வேலைக்குப் போகிறேன். வார இறுதியில் பூப்பந்து விளையாடுகிறேன். எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் ஒரு நாற்காலியில் சாய்ந்தபடி இரண்டு மணி நேரம் நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொள்கிறேன். என்னைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

இந்த நோய்க்கான மருத்துவம் கடந்த கால் நூற்றாண்டில் வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. பல மாதங்கள் முழு நலத்துடனும் சில வாரங்கள் எழுந்திருக்க முடியாமலும் இருக்கும் ஒருவரை எப்படி நடத்துவது என்பதில் பள்ளியும் வேலையிடமும் வீடும் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. ஓர் இளையர் இந்த நோயோடு நன்றாக வாழ்வாரா இல்லையா என்பதை இன்று மருந்துக்கு இணையாக இதுவும் முடிவுசெய்கிறது என்பது என் கருத்து.

வயிற்றுக்கோளாறு என்று சொல்லிவிட முடியாதது

பெருங்குடல் புண் அழற்சி, குரோன் நோய் இரண்டையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய் என்கிறோம். ஆங்கிலச் சுருக்கம் ஐபிடி. கிருமிகளைத் தாக்கவேண்டிய நோய் எதிர்ப்பாற்றல் நம் குடலையே தாக்குகிறது. முதல் வகை பெருங்குடலின் உட்சுவரோடு நிற்கும். குரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம், குடற்சுவரை ஆழமாகத் துளைக்கவும் செய்யலாம். நியூயார்க் மருத்துவர் பரில் குரோன் தம் சக மருத்துவர்கள் இருவருடன் 1932ல் எழுதிய கட்டுரையால் அந்தப் பெயர் வந்தது.

தேர்வு நெருங்கும்போது வயிறு கலங்குகிறதே, அந்த ஐபிஎஸ் வேறு. அதில் குடலின் இயக்கம் தடுமாறும், ஆனால் குடலில் புண் இருக்காது. ஐபிடியில் புண் உண்டு, இரத்தம் வரும், உடல் எடை குறையும். மூட்டு, கண், தோல் என்று வெளியிலும் அழற்சி பரவலாம். இரண்டு சுருக்கத்துக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு என்பதால் நண்பர்கள் “எனக்கும்தான் அது இருக்கு, மைலோ குடிச்சா வரும்” என்பார்கள். கோபித்துப் பயனில்லை.

இது முதியோர் நோய் இல்லை. பெரும்பாலோருக்கு 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. வழக்கநிலைத் தேர்வு, தேசிய சேவை, பல்கலைக்கழகம், முதல் வேலை, முதல் காதல் எல்லாம் வரிசைகட்டி நிற்கும் வயது.

ஐபிடி வெள்ளையர்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே நெடுங்காலம் இருந்தது. எண்ணிக்கையைப் பார்த்தால் அதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை உட்பட எட்டு ஆசிய நாடுகளையும் ஆஸ்திரேலியாவையும் ஒப்பிட்டு 2013ல் வெளியான ஆய்வில், ஆசியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் புதிதாக நோய் கண்டோர் 1.37 பேர், ஆஸ்திரேலியாவில் 23.67 பேர். ஆனால், ஆசியா என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மறைந்துபோகிறோம். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில், அதாவது ஈப்போ வட்டாரத்தில், நடந்து 2015ல் வெளியான ஆய்வு அந்த எண்ணை இனவாரியாகப் பிரித்தது. ஒரு லட்சத்துக்கு மலாய்க்காரர் 0.35, சீனர் 0.63, இந்தியர் 1.91. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும் இந்தியர்களிடையே பெருங்குடல் புண் அழற்சி கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய இந்தியர்களிடம் அது உள்ளூர் வெள்ளையரைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்ததை 1992ல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது.

ஏன் என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. மரபணு ஒரு பங்கு, வாழும் சூழல் ஒரு பங்கு. குடியேறிய சமூகங்களில் நோய் கூடுவதைப் பார்க்கும்போது ஊர் மாற்றம், உணவு மாற்றம், குடலில் வாழும் நுண்ணுயிர்களின் மாற்றம் ஆகியவற்றின் மீது ஆய்வாளர்களின் கண் விழுகிறது. இன்னமும் இது அரிய நோய்தான். உங்கள் பள்ளியில் ஓரிருவருக்கு இருக்கலாம், யாருக்குமே இல்லாமலும் போகலாம். ஆனால் இருக்கும் அந்த ஒருவர் தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு, மக்கள்தொகையில் நம் பங்கை வைத்துப் பார்த்தால் எதிர்பார்ப்பதைவிட அதிகம்.

சூடு, மூலம், கண்ணேறு

ஆகவே நம் வீடுகள் இதை விரைவில் கண்டுகொள்ள வேண்டும் அல்லவா? நடப்பது வேறு.

முதலில் ‘உடம்புச் சூடு’. இளநீர், வெந்தயம், மோர். ஒரு மாதம் போகும். பிறகு இரத்தம் தெரிந்தால் ‘மூலம்’. அதற்கு ஒரு லேகியம். எடை குறைந்தால் ‘படிக்கிற பிள்ளை, ராத்திரி தூங்கறதில்ல’. என் பெரியம்மா ஒருபடி மேலே போய், “இந்த வயசுல என்ன வயித்து நோவு? கண்ணு பட்டிருக்கும்” என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அன்பில் குறையில்லை. ஆனால் ஒவ்வோர் அன்புக்கும் நான்கு வாரம் செலவாகிறது.

இதற்குப் பின்னால் மொழிச்சிக்கல் ஒன்றும் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு மலத்தில் இரத்தம் வந்தது என்று சொல்ல நம்மிடம் கூச்சமில்லாத சொல் கிடையாது. ‘வயிறு சரியில்லை’ என்கிறோம். நேற்றைய பிரியாணிக்கும் அதே சொல், குடலில் ஓராண்டாக இருக்கும் புண்ணுக்கும் அதே சொல். மருத்துவரிடமும் அதையே சொன்னால் அவர் வயிற்றுப்போக்கு மாத்திரை தந்து இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது. அவரிடம் வரும் நூறு ‘வயிறு சரியில்லை’யில் தொண்ணூற்றொன்பது அப்படித்தான் தீரும்.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு எண்களைச் சொல்லுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை, எத்தனை வாரமாக, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, இரத்தமா சளியா, எத்தனை கிலோ குறைந்தது. நான்கு வாரத்தைத் தாண்டிய வயிற்றுப்போக்கு, எந்த அளவிலும் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ஆசனவாயருகே திரும்பத் திரும்பக் கட்டி. இவற்றில் ஏதேனும் இருந்தால் “ஐபிடியாக இருக்குமா?” என்று நீங்களே கேட்கலாம். மலத்தில் கால்புரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் எளிய சோதனை, குடலில் அழற்சி இருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும். உறுதிசெய்யப் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கவேண்டும். நம் வட்டாரத்தில் குடல் காசநோயும் குரோன் நோயைப் போலவே தோன்றும் என்பதால், மருத்துவர்கள் சற்றே நேரமெடுத்து முடிவுக்கு வருவதும் உண்டு.

மருந்து முன்னேறியது, விலையும் சற்று இறங்கியது

1998ல் குரோன் நோய்க்காக இன்ஃபிலிக்சிமாப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது ஒரு திருப்பம். அதற்குமுன் மெசலசின், ஸ்டீராய்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் சில மாத்திரைகள், கடைசியில் கத்தி. ஸ்டீராய்டு வேகமாக வேலை செய்யும். கூடவே முகத்தை உப்பவைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், எலும்பை அரிக்கும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ‘இயற்கை மருந்து’ என்று விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருப்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். குடித்த மறுநாளே வலி பறந்துபோகும் கஷாயத்தைச் சந்தேகப்படுங்கள்.

அழற்சியைத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்து நிறுத்தும் உயிரியல் மருந்துகள் வந்தபின், வலி குறைந்தால் போதும் என்றிருந்த சிகிச்சை, குடற்சுவர் ஆறவேண்டும் என்ற இலக்குக்கு மாறியது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் அவற்றுக்கு நிகரான மருந்துகளைப் பிற நிறுவனங்களும் செய்யத் தொடங்கின, விலை இறங்கியது. பொது மருத்துவமனைகளில் தகுதிபெறுவோருக்கு மானியம் உண்டு. மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்க வெட்கப்படாதீர்கள், அவர் இருப்பதே அதற்குத்தான்.

காப்புறுதி பற்றி ஒரு சொல். 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப், ஏற்கனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டி எந்தச் சிங்கப்பூரரையும் ஒதுக்குவதில்லை. அதன்மேல் அடுக்கப்படும் தனியார் திட்டங்கள் அப்படி இல்லை; கண்டறியப்பட்ட நோயை விலக்கலாம், விண்ணப்பத்தையே மறுக்கலாம். 19 வயதில் நோயின் பெயர் கோப்பில் ஏறியதும் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தப்படுகிறது. அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடச் சொல்லும் உறவினர்களும் இருக்கிறார்கள். அறிகுறியை மறைத்து எடுக்கும் காப்புறுதி, பணம் கேட்கும் நாளில் கைவிடும். தள்ளிப்போட்ட குடலும் காத்திருக்காது.

பத்தியமும் கழிவறையும்

நோய் பற்றித் தெரிந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, “காரம் சாப்பிடலாமா?” இந்த நோயை எந்த ஒரு சாப்பாடும் உண்டாக்குவதில்லை. நோய் கிளம்பும் வாரங்களில் நார்ச்சத்து மிகுந்த காய், கொட்டை, காரம், சிலருக்குப் பால், வலியைக் கூட்டும். அப்போது குழைந்த சோறும் தயிரும் இட்லியும் உற்ற நண்பர்கள். அடங்கிய மாதங்களில் பெரும்பாலோர் பெரும்பாலானவற்றைச் சாப்பிடலாம். அடங்கிய பிறகும் பயந்து பயந்து பத்தியம் காப்பவர்கள் எடையும் சத்தும் இழந்து வேறொரு நோயாளி ஆகிறார்கள். தேக்காவில் வாழையிலை போட்டு மீன் தலைக் கறி சாப்பிடும் என்னைப் பார்த்து, “அப்ப உனக்கு ஒண்ணும் இல்லையே” என்பவர்களுக்கும், அடுத்த மாதம் விருந்தில் வெறும் ரசஞ்சோறு கேட்டால், “ரொம்பத்தான் பண்ற” என்பவர்களுக்கும் ஒரே பதில்தான்: இரண்டும் உண்மை. குரோன் நோயில் புகைபிடிப்பது நோயைக் கடுமையாக்கும் என்பதில் ஐயமே இல்லை. ஐபுபுரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும், ஆகவே விளையாட்டுக் காயத்துக்கு வாங்கும்முன் மருந்தாளரைக் கேளுங்கள்.

சோர்வைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இரத்தம் போவதால் இரும்புச்சத்து குறைகிறது, அழற்சி தன் பங்குக்கு உடலை உறிஞ்சுகிறது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் பேருந்து நிறுத்தம்வரை நடக்கமுடியாத நாள்கள் உண்டு. வெளியில் அதற்குச் ‘சோம்பேறி’ என்று பெயர். என்னைப் பொறுத்தவரை, வலியைவிட இந்தப் பெயர் அதிகம் உறுத்துகிறது.

அடுத்தது கழிவறை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். உலகக் கழிவறை அமைப்பு 2001ல் சிங்கப்பூரில்தான் தொடங்கப்பட்டது. நவம்பர் 19ஐ உலகக் கழிவறை நாளாக 2013ல் ஐக்கிய நாட்டு நிறுவனம் ஏற்றதும் சிங்கப்பூர் முன்வைத்த தீர்மானத்தால்தான். அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனாலும் வீட்டைவிட்டுக் கிளம்பும்முன் என் மனத்தில் ஓடுவது எம்ஆர்டி வரைபடம் இல்லை, கழிவறை வரைபடம். எந்த நிலையத்தில் கட்டண வாயிலுக்கு உள்ளே இருக்கிறது, எதில் வெளியே, எந்தக் கடைத்தொகுதியில் முதல் தளத்திலேயே இருக்கிறது என்பது இந்த நோயுள்ள எல்லாருக்கும் மனப்பாடம். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 2005ல் ‘ஆலி சட்டம்’ வந்தது. குரோன் நோயுள்ள 14 வயதுச் சிறுமி ஒரு பெரிய கடையில் ஊழியர் கழிவறையைக் கேட்டு மறுக்கப்பட்டதால் பிறந்த சட்டம். மருத்துவக் காரணம் உள்ளவர் கேட்டால், பொதுக் கழிவறை இல்லாத கடைகள் தங்கள் ஊழியர் கழிவறையைத் திறந்துவிட வேண்டும் என்கிறது அது. பின்னர் வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. நமக்குச் சட்டமே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அண்டைவீட்டுக் கடைக்காரர்கள் பெரும்பாலும் கேட்டால் விடுகிறார்கள். கேட்பதற்குள் நமக்கு வேர்த்துவிடுகிறது, அவ்வளவுதான்.

யாரிடம், எப்போது சொல்வது?

ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்ஸோ அபேக்குப் பதின்ம வயதிலிருந்தே பெருங்குடல் புண் அழற்சி இருந்தது. பதவியேற்று ஓராண்டிலேயே, 2007ல் விலகினார். வயிற்றுவலிக்காக ஓடிப்போனவர் என்ற கேலிக்கு ஆளானார். புதிய மருந்து கைகொடுத்தது, 2012ல் மீண்டும் பிரதமரானார், நாட்டை மிக நீண்டகாலம் ஆண்ட பிரதமர் என்ற பெயரும் பெற்றார். 2020 ஆகஸ்ட் 28ல் நோய் திரும்பிவிட்டதாகக் கூறி, விலகப்போவதாக அறிவித்தார். அவர் அரசியலை ஏற்கலாம், மறுக்கலாம். ஒரே நோய், ஒரே மனிதர். ஒருமுறை ஓராண்டு, மறுமுறை ஏறத்தாழ எட்டு ஆண்டு.

பந்தாட்ட ரசிகர்களுக்கு டேரன் ஃபிளெட்சரைத் தெரியும். அவருக்கு இதே நோய் என்பதை மான்செஸ்டர் யுனைடெட் 2011 டிசம்பரில் வெளியே சொன்னது. அதுவரை அவர் அதை மறைத்தே ஆடிக்கொண்டிருந்தார். 2013 ஜனவரியில் பெருங்குடலுக்கான அறுவை சிகிச்சைக்குப்பின் அதே ஆண்டு டிசம்பரில் திடலுக்குத் திரும்பினார், பிறகு வெஸ்ட் புரோம் அணிக்குத் தலைவரானார்.

பிரதமருக்கும் பந்தாட்டக்காரருக்கும் சொல்ல மேடை இருந்தது. மாணவருக்கு இருப்பது ஆசிரியர் அறை வாசல். பள்ளியில் சொல்வதால் கிடைப்பவை திட்டவட்டமானவை: தேர்வு நேரத்தில் கழிவறைக்குச் செல்ல இடைவேளை, கதவருகே இருக்கை, உடல் முடியாத நாளில் எழுதிய அல்லது தவறவிட்ட தாளுக்குச் சிறப்புப் பரிசீலனை. தேசியத் தேர்வுகளுக்கு இவற்றைப் பள்ளி வழியாகவே கேட்கவேண்டும், மருத்துவர் கடிதம் வேண்டும், தேர்வுக்கு முந்திய வாரம் கேட்டால் நடக்காது. ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே, நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். நலமாக இருக்கும்போது சலுகை கேட்க மனம் ஒப்பாது என்பது எனக்குத் தெரியும். பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இதற்கென ஆதரவு அலுவலகங்கள் உள்ளன. தேசிய சேவைக்கு முந்திய மருத்துவச் சோதனையில் நோயைத் தெரிவிப்பது கட்டாயம்.

திருமணப் பேச்சில் என்ன சொல்வது என்பது தனிக்கட்டுரைக்கு உரியது. இங்கு ஒன்றே ஒன்று. நோய் அடங்கியிருக்கும்போது பிள்ளைப்பேற்றுக்குப் பொதுவாகத் தடையில்லை, பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. ‘பெண்ணுக்கு வயித்துல ஏதோ’ என்று கிசுகிசுக்கும் சித்தப்பாமார்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

வேலை நேர்காணல்தான் கடினமான வாசல். பட்டம் பெற்றதும் நான் சென்ற ஒரு நேர்காணலில், படிப்பு ஏன் ஆறு மாதம் தள்ளிப்போனது என்று கேட்டார்கள். உடல்நலம் என்றேன். என்ன உடல்நலம் என்றார்கள். சொன்னேன். அதுவரை சம்பளம்வரை போயிருந்த பேச்சு, “நாங்கள் தொடர்புகொள்கிறோம்” என்று முடிந்தது. தொடர்புகொள்ளவில்லை. என்னைவிடத் திறமையான ஒருவர் அடுத்து வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. நான் புகார் செய்யவில்லை. எதைச் சொல்லிப் புகார் செய்வது?

புதிய சட்டம் பற்றிய என் ஐயம் இங்குதான் வருகிறது. பட்டியலிலுள்ள தன்மைகள், பெறப்படும் பாகுபாட்டுப் புகார்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றை உள்ளடக்குகின்றன என்று அரசாங்கம் விளக்கியது. சட்டம் எங்கிருந்தாவது தொடங்கவேண்டும், அதிகம் புகார் வரும் இடத்திலிருந்து தொடங்குவதில் நியாயம் இருக்கிறது. மற்றப் பாகுபாடுகளுக்கு முத்தரப்பு வழிகாட்டிகள் தொடர்ந்து பொருந்தும் என்றும் சொல்லப்பட்டது. ஆனால், மறைத்துவைக்கப்படும் நோய்க்குப் புகார் எண்ணிக்கை எப்படி வரும்? நோயைச் சொல்லாதவர், சொல்லாத நோய்க்காகப் புகார் கொடுக்கமாட்டார். சொன்னவரும், புகார் கொடுத்தால் அடுத்த நிறுவனத்துக்கும் அது தெரிந்துவிடுமே என்று அஞ்சுவார். இனத்தையும் வயதையும் மறைக்க முடியாது, ஆகவே அவை கணக்கில் ஏறுகின்றன. மறைக்க முடிந்தது கணக்கில் ஏறுவதில்லை. புகாரின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தேவையை அளந்தால், அதிகம் அஞ்சுவோர் ஆகக் குறைவாகத் தெரிவார்கள்.

உடற்குறை என்ற தலைப்பு இதற்குப் போதாதா என்று கேட்கலாம். சட்டம் அதை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, உடல் குறைபாடு, புலன் குறைபாடு என்று வகுக்கிறது. ஏழு மாதம் பூப்பந்து ஆடிவிட்டு மூன்று வாரம் படுத்துக்கிடப்பவர் இவற்றில் எதில் சேர்வார்? அமெரிக்கா இந்தக் கேள்வியை 2008ல் எதிர்கொண்டது. அந்த ஆண்டு திருத்தப்பட்ட உடற்குறையுள்ளோர் சட்டம், செரிமானத்தையும் குடலின் இயக்கத்தையும் பெயர் சொல்லியே முக்கிய உடற்செயல்களில் சேர்த்தது. விட்டுவிட்டு வருவதோ அடங்கியிருப்பதோ ஆன ஒரு பாதிப்பு, கிளம்பும்போது வாழ்வை முடக்குமானால் அதுவும் உடற்குறையே என்று ஒரே வாக்கியத்தில் தீர்த்தது. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பொதுவாக நோய்ப்பெயரைப் பார்ப்பதில்லை. 12 மாதமோ அதற்கு மேலோ நீடித்து அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கிறதா என்று பார்க்கிறது. எல்லை தாண்டினால் ஜோகூரில், பதிவுபெறும் ஏழு உடற்குறைப் பிரிவுகளில் நீண்டகால நோய்க்குத் தனிப்பிரிவு இல்லை. ஆனால் 2023 ஜனவரி முதல் மலேசிய வேலைச் சட்டம், மருத்துவமனை விடுப்பு 60 நாளைச் சாதாரண மருத்துவ விடுப்பிலிருந்து தனியே பிரித்துவிட்டது.

விடுப்புக் கணக்கு சின்ன விஷயமாகத் தெரியலாம். போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு, மருத்துவமனையில் தங்கினால் அதையும் சேர்த்து 60 நாள். எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினால் ஆண்டுக்கு ஆறு அல்லது ஏழு நாள். மருத்துவரைப் பார்ப்பது, இரத்தப் பரிசோதனை, குடல் சோதனை என்று மேலும் நான்கைந்து. நோய் தொடங்கி எட்டாண்டு ஆனபின் பெருங்குடல் புற்றுநோய் வராமல் கண்காணிக்கும் சோதனையும் சேரும். ஒரு நாள்கூட நோயுறாமல் 14 நாளில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. ஒரு சளிக்காய்ச்சல் வந்தால் ஆண்டு விடுப்பில் கைவைக்கவேண்டும்.

முதலாளிகள் பக்கமும் நியாயம் உண்டு. பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் ஒருவர் மூன்று வாரம் வராவிட்டால் சுமை மற்றவர் தலையில். 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குச் சட்டம் தொடக்கத்தில் விலக்களிப்பதும் அதனால்தான். ஆனால் எங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி விடுப்பே இல்லை. மருந்து ஏற்றும் நாளில் பிற்பகல் வீட்டிலிருந்து வேலை, காலையில் அரை மணி தாமதமாகத் தொடங்க அனுமதி, கழிவறைப் பக்கம் இருக்கை. இவற்றைக் கேட்க இப்போதே ஒரு வழி இருக்கிறது. 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள முத்தரப்பு வழிகாட்டியின்படி, தகுதிகாண் காலம் முடித்த எந்த ஊழியரும் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை எழுத்தில் கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும், மறுத்தால் வேலை சார்ந்த காரணம் சொல்லவேண்டும். ‘எங்கள் நிறுவனத்தில் அந்தப் பழக்கம் இல்லை’ என்பது காரணமாகாது. நோயின் பெயரைக்கூடச் சொல்லவேண்டியதில்லை, ‘தொடர் மருத்துவ சிகிச்சை’ போதும்.

சட்டத்தில் விட்டுவிட்டு வரும் நீண்டகால நோயையும் சேர்க்க ஒரு வாக்கியம் போதும். அது நடப்புக்கு வருமுன் இன்னும் காலம் இருக்கிறது. புகார் எண்ணிக்கைக்குப் பதிலாக, பெயர் கேட்காத கருத்தாய்வு ஒன்றை அமைச்சு நடத்தினால், எத்தனை பேர் நேர்காணலில் ‘குடும்பக் காரணம்’ என்று சொல்லித் தப்பிக்கிறார்கள் என்று தெரியவரும். குரோன் நோயும் பெருங்குடல் அழற்சியும் உள்ளோருக்கான சங்கம் சிங்கப்பூரில் இருக்கிறது. கேள்வித்தாளை யாரிடம் கொடுப்பது என்ற கவலை அமைச்சுக்கு வேண்டாம்.

என் இப்போதைய வேலையில், தகுதிகாண் காலம் முடிந்த வாரம் மேலாளரிடம் சொன்னேன். இரண்டு வாக்கியம்தான் தயார்செய்து வைத்திருந்தேன். எனக்கு ஒரு நீண்டகாலக் குடல் நோய் இருக்கிறது, மருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எட்டு வாரத்துக்கு ஒருமுறை அரைநாள் மருத்துவமனைக்குப் போகவேண்டும், மற்ற அரைநாள் வீட்டிலிருந்து வேலை செய்வேன். அவர் நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “டிசம்பர் வரைக்கும் தேதிகளைக் காலண்டரில் போட்டுவிட முடியுமா? மாதக் கடைசிக் கணக்கோடு மோதாமல் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். போட்டுக் கொடுத்தேன். ஒரே ஒரு தேதிதான் மோதியது. மருத்துவமனையைக் கூப்பிட்டு அதை இரண்டு நாள் முன்னால் மாற்றிக்கொண்டேன்.